எஞ்சினின் முகத்தை விடுங்கள், கேபின் அடியைப் பாருங்கள்

ஜனவரி வந்தால் மாடல் ரயில் பைத்தியங்களுக்கு ஒரு பண்டிகை. இங்கிலாந்தின் ஹார்ன்பி நிறுவனம் அந்த ஆண்டு என்னென்ன எஞ்சின்கள் விடப்போகிறது என்பதை நெடுங்காலமாக அந்த மாதத்தில்தான் சொல்லி வந்திருக்கிறது. அதன் பின்னாலேயே ஜெர்மனியில் நியூரம்பெர்க் பொம்மைச் சந்தை. மார்க்லின் போன்ற பழைய கைகளின் புது வரவுகள் அங்கே தெரியவரும்.

அறிவிப்போடு ஒரு படம் வரும். பெரும்பாலும் அது போட்டோ இல்லை, கணினியில் வரைந்து நிறம் பூசிய உருவம்தான். பச்சை மினுமினுக்கும், பெயர்ப்பலகை ஜொலிக்கும், முன்பதிவுப் பொத்தான் பக்கத்திலேயே காத்திருக்கும். நான் அந்தப் படத்தில் எஞ்சினின் முகத்தைப் பார்ப்பதில்லை. கேபினுக்கு அடியில் இருக்கும் சின்னச் சக்கரத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். அப்புறம் எஞ்சினுக்கும் அதன் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டர் வண்டிக்கும் நடுவே உள்ள இடைவெளி. அப்புறம் பெரிய சக்கரங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பது. இந்த மூன்று இடத்திலும்தான் வடிவமைப்பாளர் எங்கே விட்டுக்கொடுத்தார், எங்கே பிடிவாதம் பிடித்தார் என்பது தெரியும். அசல் எஞ்சினின் அளவுகள் கையில் இருந்தால், மாடல் வெளிவருவதற்கு இரண்டு வருடம் முன்பே எங்கே உதைக்கும் என்று பெருமளவு சொல்லிவிடலாம். இது ஜோசியம் இல்லை, ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

கணக்குக்குப் போகும் முன் ஒரு பழைய கோளாறைப் பற்றிச் சொல்லியாகணும்.

உலகில் அதிகம் பேர் வைத்திருக்கும் மாடல் அளவு ஹெச்ஓ. அசலில் 87-ல் ஒரு பங்கு. 1435 மில்லிமீட்டர் அகலமுள்ள அசல் பாதை இதில் 16.5 மில்லிமீட்டராகச் சுருங்கும். சுத்தமான கணக்கு. பிரிட்டன் இதில் சேரவில்லை. அங்கே அசல் எஞ்சின்களே ஐரோப்பிய எஞ்சின்களைவிட ஒல்லி, குள்ளம். பாலங்களும் சுரங்கங்களும் அந்தக் காலத்திலேயே சின்னதாகக் கட்டப்பட்டுவிட்டன. அந்த ஒல்லி உடம்பை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 1920, 30-களின் மோட்டார் உள்ளே போகாது. என்ன செய்தார்கள்? தண்டவாளத்தை 16.5-லேயே விட்டுவிட்டு, உடம்பை மட்டும் ஒரு அடிக்கு 4 மில்லிமீட்டர் என்று, அதாவது 76.2-ல் ஒரு பங்காகக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கினார்கள். இதுதான் டபுள் ஓ கேஜ். 1938-ல் ஹார்ன்பி டப்ளோ வந்தபின் இது அப்படியே நிலைத்துவிட்டது.

விளைவு, இன்றைக்கும் பிரிட்டிஷ் மாடல் எஞ்சின்கள் தப்பான அகலத்தில் ஓடுகின்றன. சரியான அகலம் 18.83 மில்லிமீட்டர் இருக்கணும். இருப்பதோ 16.5. முன்னால் நின்று பார்த்தால், பெரிய உடம்புக்காரர் கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். இது பொறுக்காமல் 18.2, 18.83 என்று தாங்களே தண்டவாளம் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்து எனக்கு மரியாதை, கொஞ்சம் பயம். நமக்கும் இதில் பங்கு உண்டு: இந்திய அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். அதை ஹெச்ஓ-வில் சரியாகச் செய்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். கடையில் கிடைக்கும் 16.5 தண்டவாளத்தில் இந்திய எஞ்சின் ஓட்டுகிறவர்களும் இதே சமரசத்தில்தான் இருக்கிறோம்.

இந்தத் தப்பில் ஒரு நல்லதும் ஒளிந்திருக்கிறது. அதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

முதல் பிரச்சினை வளைவு. வீட்டில் யாரிடமும் விளையாட்டு மைதானம் அளவுக்கு இடம் இல்லை. ஒரு மேசை, இல்லையென்றால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைக்கும் ஒரு பிளைவுட் பலகை. அதனால் பெட்டியில் வரும் தண்டவாளத்தின் வளைவு மிகவும் இறுக்கமானது. ஹார்ன்பியின் இரண்டாம் எண் வளைவின் ஆரம் 438 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் கம்பெனிகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் எண்ணைத்தான் குறைந்தபட்ச வளைவாக வைத்து எஞ்சினை வடிவமைக்கின்றன. அதை அசல் அளவுக்கு விரித்தால் 33 மீட்டர் வரும். ஒருநாள் கிரிக்கெட்டில் ஆடுகளத்தைச் சுற்றி 30 கஜத்தில் ஓர் உள்வட்டம் போடுவார்களே, அது 27 மீட்டர். அதைவிடச் சற்றே பெரிய வட்டத்துக்குள் ஒரு முழு எக்ஸ்பிரஸ் ரயில், ஆடுகளத்தைவிட நீளமான எஞ்சினோடு திரும்பியாக வேண்டும். அசல் உலகில் இப்படி ஒரு வளைவைப் போட்டுக்கொடுத்தால் எந்த ஓட்டுநரும் எஞ்சினை விட்டு இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விடுவார்.

சரி, ஒரு எஞ்சினை எடுத்துக்கொள்வோம். எனக்குப் பிடித்தது பிரிட்டனின் பழைய எல்.என்.இ.ஆர். (லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன்) ரயில்வேயின் பி2. நைஜல் கிரெஸ்லி வடிவமைத்து, டான்காஸ்டர் பணிமனையில் 1934 முதல் 1936 வரை கட்டிய ஆறு எஞ்சின்கள். எடின்பரோவிலிருந்து அபர்டீன் போகும் ஏற்ற இறக்கமான பாதையில் கனமான ரயில்களை ஒற்றை ஆளாக இழுப்பதற்காக முன்னால் இரண்டு சின்னச் சக்கரம், நடுவில் எட்டுப் பெரிய சக்கரம், பின்னால் இரண்டு என்று அமைத்தார்கள். முதல் எஞ்சினின் பெயர் காக் ஓ' த நார்த். 1943, 44-ல் ஆறையும் பிரித்து வேறு மாதிரியாக மாற்றிக் கட்டிவிட்டார்கள். அதனால் ஒன்றுகூட மிச்சமில்லை. ஆனால் ஹார்ன்பி அதை மாடலாக விட்டது.

பி2-வின் நான்கு பெரிய அச்சுகளும் ஒரே விறைப்பான சட்டத்தில் இருக்கின்றன. முதல் அச்சிலிருந்து நான்காம் அச்சு வரை 19 அடி 6 அங்குலம். மாடலில் 78 மில்லிமீட்டர். அச்சுகளுக்கு நடுவே 26, 26, 26. இந்த 78 மில்லிமீட்டர் நேர்க்கோட்டை 438 மில்லிமீட்டர் வட்டத்தின் மேல் வையுங்கள். இரு முனைச் சக்கரங்களும் தண்டவாளத்தில் உட்கார்ந்தால் நடுவில் உள்ள இரண்டு அச்சுகளும் ஒன்றரை மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தாக வேண்டும். கேட்டால் ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும். அசல் எஞ்சின் 200 மீட்டர் ஆரமுள்ள வளைவில் போனால் நடு அச்சுகளுக்குத் தேவைப்படும் நகர்வு, மாடல் அளவில் கால் மில்லிமீட்டர். ஆக மாடலுக்கு ஆறு மடங்கு தேவை. இத்தனைக்கும் அசல் எஞ்சினே அந்தப் பாதையின் வளைவுகளில் தண்டவாளத்தைத் தின்கிறது என்ற புகார் அந்தக் காலத்தில் இருந்தது.

இங்கேதான் அந்தத் தப்பான அகலம் கைகொடுக்கிறது. சரியான அகலத்தில் சக்கரங்கள் இருந்தால் வெளிப்பக்கத்தில் அவை நீராவி உருளைகளையும் (சிலிண்டர்) சக்கரங்களை ஓட்டும் தண்டுகளையும் ஒட்டி நிற்கும். அசைய இடம் இருக்காது. டபுள் ஓ-வில் சக்கரங்கள் உள்ளே தள்ளி இருப்பதால், மாடல் சக்கரம் அசலைவிடத் தடிமனாக இருந்தும், இரு பக்கமும் முக்கால் மில்லிமீட்டர் அளவுக்குச் சும்மா கிடைக்கிறது. வடிவமைப்பாளர் அந்த இடத்தைத்தான் அச்சுகள் நகர்வதற்குப் பயன்படுத்துகிறார். அகலத்தைத் திருத்தச் சொல்லி எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான்: திருத்தினால் உங்கள் வீட்டு மேசையில் எட்டுச் சக்கர எஞ்சின் எப்படித் திரும்பும்?

அடுத்தது சக்கரத்தின் அளவு. பி2-வின் பெரிய சக்கரம் 6 அடி 2 அங்குலம் விட்டம். அச்சுகளுக்கு நடுவே 6 அடி 6 அங்குலம். அப்படியானால் ஒரு சக்கரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் 4 அங்குலம் மிச்சம். மாடலில் 1.3 மில்லிமீட்டர். சக்கரத்தின் உள்பக்கம் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு இருக்குமே, ஃபிளாஞ்ச், அது அசலில் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம். அதை அப்படியே சுருக்கினால் காகிதத் தடிமன்தான் வரும், மேசை ரயில் தடம் புரண்டுகொண்டே இருக்கும். அதனால் மாடலில் அதை முக்கால் மில்லிமீட்டர் பக்கம் பெரிதாக்குகிறார்கள். அடுத்தடுத்த இரண்டு சக்கரங்களின் விளிம்புகளைக் கூட்டினால் 1.3 மில்லிமீட்டர் காலி. விளிம்போடு விளிம்பு உரசும்.

வழி இரண்டுதான். அச்சுகளைக் கொஞ்சம் தள்ளிவைத்தால் உடம்பின் அளவே மாறி, அடுத்தடுத்து எல்லாம் கெடும். சக்கரத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. அனேகமாக இரண்டாவதைத்தான் செய்வார்கள். மாடல் வெளிவந்தபின் யாராவது வெர்னியர் காலிப்பரோடு வந்து "சக்கரம் அரை மில்லிமீட்டர் குறைகிறது" என்று புலம்பினால், அவருக்குப் பதில் இந்த நாலு அங்குலம்தான்.

இப்போது அந்தக் கேபின் அடிச் சக்கரம்.

கிரெஸ்லியின் பெரிய எஞ்சின்களில் கேபினுக்குக் கீழே இருக்கும் கடைசி அச்சு, கார்ட்டாஸி என்ற அமைப்பில் ஓடும். அசலில் அதைத் தாங்கும் சட்டம் திரும்பாது, எஞ்சின் சட்டத்தோடு விறைப்பாகவே நிற்கும். அச்சு மட்டும் சாய்வான தளங்களில் பக்கவாட்டில் கொஞ்சம் சறுக்கும். பழைய பொம்மைகளில் இதைச் செய்ய முடியாமல், அந்தச் சக்கரத்தைச் சட்டத்தோடு சேர்த்து ஒரு திருகில் மாட்டி, இஷ்டத்துக்கு ஆடவிட்டிருந்தார்கள். வளைவில் அது வெளியே எட்டிப் பார்க்க இடம் வேண்டும் என்பதற்காக, கேபினுக்கும் அதற்கும் நடுவே ஒரு பெரிய ஓட்டை. அந்த வழியாக எதிர்ப்பக்கச் சுவர் தெரியும்.

2000-களின் நடுவில் ஹார்ன்பி ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் வகை ஏ3 எஞ்சினை முழுக்கப் புதிதாகச் செய்தபோது இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். சட்டத்தை அசலைப் போலவே அசையாமல் வைத்துவிட்டார்கள். சக்கரத்துக்கு விளிம்பே இல்லை. அது தண்டவாளத்தின் மேல் சும்மா மிதந்தபடி, வளைவில் தண்டவாளத்தைவிட்டு விலகிப்போய் அந்தரத்தில் நிற்கும், நேர்ப்பாதைக்கு வந்ததும் திரும்பி மேலே வந்து உட்காரும். பெட்டிக்குள் தனிப் பொட்டலத்தில் விளிம்புள்ள சக்கரம் ஒன்றும் கொடுப்பார்கள்: அலமாரியில் நிறுத்துகிறவர்களுக்கும் பெரிய வளைவு வைத்திருப்பவர்களுக்கும். ஓட்டை போச்சு, அழகு வந்தது, ஆனால் 438-இல் ஓடும்போது பின்னாலிருந்து பார்த்தால் ஒரு சக்கரம் காற்றில் தொங்குகிறது. எது மேல் என்று இருபது வருடமாகச் சண்டை நடக்கிறது. நான் ஓட்டை இல்லாத கட்சி. எஞ்சின் ஓடுவதை நாம் பக்கவாட்டில்தான் பார்க்கிறோம், கீழே படுத்துக்கொண்டு இல்லை.

புது அறிவிப்புப் படத்தில் இந்த இடத்தைப் பெரிதாக்கினால், எந்தக் கட்சி ஜெயித்தது என்பது தெரிந்துவிடும். சட்டத்துக்கு மேலே இடைவெளிக் கோடு ஒன்று ஓடினால் ஆடும் சக்கரம். ஒட்டியிருந்தால் மிதக்கும் சக்கரம்.

உடம்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஒன்றைத் தவிர. பிளாஸ்டிக் மோல்டில் சுவர் ஒரு மில்லிமீட்டர் தடிமனாவது இருந்தால்தான் நம்பி வார்க்கலாம். ஒரு மில்லிமீட்டர் என்பது அசலில் 76 மில்லிமீட்டர், மூன்று அங்குலம். அசல் கேபின் தகடு அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கோட்டைச் சுவர் மாதிரி இருக்கும் இந்தத் தடிமனை மறைக்க, ஜன்னல் ஓரத்தை மட்டும் உள்பக்கமாகச் சீவிவிடுவார்கள். படத்தில் கேபின் ஜன்னல் ஓரம் கத்திபோல மெலிந்திருந்தால் வடிவமைப்பாளர் வேலை தெரிந்தவர். கொதிகலன் உருண்டை என்பதால் மோல்டு இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு விழும். நெற்றியில் நாமம் போட்டதுபோல உச்சியில் அது நீளமாக ஓடினால் செலவைக் குறைத்திருக்கிறார்கள். அசலிலேயே தகடு சேரும் இடத்தில் ஒளித்திருந்தால் மோல்டுக்குக் காசு கொட்டியிருக்கிறார்கள்.

காசு என்றதும் ஞாபகம் வருகிறது. 2012, 13 வாக்கில் ஹார்ன்பி 'டிசைன் கிளவர்' என்று ஒரு கொள்கையை அறிவித்தது. கம்பியில் தனியாகச் செருகும் கைப்பிடிகளைக் குறைத்து உடம்போடு சேர்த்தே வார்ப்பது, உதிரிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, இப்படி. கைப்பிடி என்பது அசலில் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமான தடிமனுள்ள குழாய். மாடலில் அரை மில்லிமீட்டர்கூட வராத கம்பி. அதை ஒவ்வொன்றாகச் செருகுவது ஒரு தொழிலாளியின் கையும் கண்ணும் செய்யும் வேலை. மோல்டு ஒருமுறைச் செலவு. இந்தக் கைவேலை ஒவ்வொரு எஞ்சினுக்கும் திரும்பத் திரும்பச் செலவு. யோசனை கெட்டதில்லை. ஆனால் பத்து வருடமாகத் தனிக்கம்பிக் கைப்பிடிக்குப் பழகிய வாடிக்கையாளர் ஏற்கவில்லை. பி2 வந்ததும் இந்தக் கொள்கையின் காலத்தில்தான். அதற்குக் கிடைத்த விமர்சனங்களில் பாதி, எஞ்சினைப் பற்றி இல்லை, இந்த இரண்டு சொற்களைப் பற்றி. கொஞ்ச காலத்தில் அந்தப் பேச்சே கேட்கவில்லை.

உள்ளே இருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பு மோட்டாரை டெண்டரில் வைத்து எஞ்சினைப் பின்னாலிருந்து தள்ளினார்கள். இன்று மோட்டார் எஞ்சினுக்குள் வந்துவிட்டது. டெண்டரில் இப்போது டி.சி.சி. டிகோடர் (எஞ்சினை டிஜிட்டலாக இயக்கும் சில்லு) சொருகும் சாக்கெட், அதன் பக்கத்தில் ஸ்பீக்கர். எஞ்சினுக்கும் டெண்டருக்கும் நடுவில் முடிபோன்ற ஒயர்கள். நான் முன்பதிவு செய்து பதினாலு மாதம் காத்திருந்து வாங்கிய ஒரு எஞ்சினில், பெட்டியைத் திறந்து தூக்கியபோதே அந்த ஒயரில் ஒன்று கழன்று வந்தது. கடைக்காரர் திருப்பி அனுப்பச் சொன்னார். தபால் செலவைக் கணக்குப் போட்டுவிட்டு, பூதக்கண்ணாடியும் சால்டரிங் அயர்னும் எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். ஒட்டியதும் ஓடியது. கை நடுக்கம் நிற்கத்தான் அரைமணி நேரம் ஆயிற்று.

சரி, எந்த எஞ்சின் அடுத்து வரும் என்று எப்படி ஊகிப்பது? பலரும் நினைப்பதுபோல அழகைப் பார்த்தோ புகழைப் பார்த்தோ கம்பெனிகள் முடிவு செய்வதில்லை. ஒரு மோல்டுக்கு எத்தனை வேடம் போடலாம் என்பதுதான் முதல் கேள்வி. பி2-வையே பாருங்கள். முதல் எஞ்சினுக்கு ஒரு வகை வால்வு, இரண்டாவதான ஏர்ல் மாரிஷலுக்கு வேறு வகை. மூன்றாவதிலிருந்து முகமே மாறி, மாலர்ட் வகை ஏ4 எஞ்சின்போல வழுவழுப்பான மூக்கு. முதல் இரண்டுக்கும் பிற்பாடு அந்த மூக்கு வந்தது. ஆறே எஞ்சின், அதற்குள் இத்தனை முகம். ஒரே உடம்பு வார்த்து எல்லாவற்றையும் விற்க முடியாது. அதற்கு நேர்மாறு கிளாஸ் 66 டீசல். 1998-ல் முதலில் பிரிட்டனுக்கு வந்தது. ஒரே உடம்பு, நூற்றுக்கணக்கான எஞ்சின், கம்பெனிக்கொரு நிறம், இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. மோல்டு ஒன்று, வேடம் முப்பது. அதனால்தான் ஹாட்டன்ஸ் என்ற லிவர்பூல் வட்டாரத்துக் கடை அந்த எஞ்சினைத் தானே செய்ய இறங்கியது. 2024 தொடக்கத்தில் ஹாட்டன்ஸ் வியாபாரத்தை முடித்துக்கொண்டபோதும் அந்த மோல்டு குப்பைக்குப் போகவில்லை, அக்யூராஸ்கேல் என்ற இன்னொரு மாடல் கம்பெனி வாங்கிக்கொண்டது. நல்ல மோல்டு என்பது நஞ்சை நிலம் மாதிரி, உரிமையாளர் மாறலாம், விளைச்சல் நிற்காது.

இன்னொரு பயம் இரட்டிப்பு. 1872-ல் பிறந்த டெரியர் என்ற குட்டி எஞ்சினை, ரெயில்ஸ் ஆஃப் ஷெஃபீல்டு கடைக்காக டேபோல் என்ற மாடல் கம்பெனி ஒரு பக்கமும், ஹார்ன்பி மறுபக்கமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் செய்து, 2019-ல் இரண்டும் சந்தைக்கு வந்தன. ஒருவருக்கே போதாத கூட்டத்தை இருவர் பங்கு போட்டுக்கொண்டார்கள். முன்கூட்டியே அறிவித்தால் எதிராளி பயந்து விலகலாம், அல்லது அவசரப்பட்டு முந்தலாம். மறைத்துவைத்தால் இருவரும் ஒரே கிணற்றில் குதிக்கலாம். ஹார்ன்பியின் போட்டிக் கம்பெனியான பாக்மன் 2020 வாக்கில் ஆண்டுக்கொருமுறை அறிவிப்பதை விட்டுவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருதரம், கையில் வரப்போவதை மட்டும் சொல்லத் தொடங்கியது. எனக்கு இதில் நிம்மதி. மூன்று வருடக் காத்திருப்பு வேண்டாம். ஆனால் ஜனவரியின் அந்தக் குறுகுறுப்பும் போயிற்று, அதையும் சொல்லணும்.

காத்திருப்பு ஏன் அவ்வளவு நீளம் என்பதற்குப் பதில் தொழிற்சாலைகளில் இருக்கிறது. 1990-களில் பிரிட்டிஷ் மாடல்கள் சீனாவுக்குப் போய்விட்டன. ஹார்ன்பிக்குப் பெரும்பகுதி செய்துகொடுத்த சான்டா கான் தொழிற்சாலையை 2008 வாக்கில் காடர் குழுமம் வாங்கியது. காடர் யார்? பாக்மனின் தாய்க் கம்பெனி. உங்கள் சமையலை எதிர்வீட்டுக்காரர் அடுப்பில் செய்வதுபோல. ஹார்ன்பி வேறு தொழிற்சாலைகளைத் தேடி அலைந்த அந்த வருடங்களில் அறிவித்த மாடல்கள் எல்லாம் தள்ளித் தள்ளிப் போயின. சாதாரணமான காலத்திலும் வரிசை இப்படித்தான்: கணினி வரைபடம், மோல்டு வெட்டுதல், நிறமில்லாத முதல் சாம்பிள், திருத்தம், நிறம் பூசிய சாம்பிள், உற்பத்தி, கப்பல். முதல் சாம்பிள் படம் வரும்வரை முன்பதிவுக்கு அவசரப்படாதீர்கள் என்பது என் கட்சி. மோல்டு வெட்டிவிட்டார்கள் என்றால் பணம் போட்டுவிட்டார்கள், இனி திரும்பமாட்டார்கள். அந்தச் சாம்பிளில் தப்பைக் கண்டுபிடித்துச் சொன்னால் திருத்தவும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. ஆனால் இரும்பு மோல்டில் உலோகத்தை வெட்டி எடுப்பது சுலபம், சேர்ப்பது கஷ்டம். மோல்டில் வெட்டினால் எஞ்சினில் புடைக்கும். ஆகவே விட்டுப்போன ஆணித்தலையைச் சேர்த்துவிடுவார்கள், கூடுதலாக விழுந்த ஆணித்தலையை எடுக்கமாட்டார்கள்.

லேசர் ஸ்கேன் வந்தபின் தப்பே வராது என்று சிலர் நம்புகிறார்கள். ரபிடோ நிறுவனம் ஷில்டன் அருங்காட்சியகத்தில் நிற்கும் ஏ.பி.டி.-ஈ என்ற சோதனை ரயிலை ஸ்கேன் செய்துதான் மாடல் செய்தது, அழகாகவே வந்தது. அந்த ரயில் ஒன்றே ஒன்று என்பதால் அங்கே அது பொருந்தும். ஃபிளையிங் ஸ்காட்ஸ்மனை ஸ்கேன் செய்தால் என்ன கிடைக்கும்? இரட்டைப் புகைபோக்கியும் பக்கத்தில் புகைத் தகடுகளும் உள்ள இன்றைய எஞ்சின். 1934-ல் அது மணிக்கு நூறு மைல் தொட்டபோது இவை இல்லை. பி2-வுக்கோ ஸ்கேன் செய்ய எஞ்சினே இல்லை. பழைய வரைபடங்களும் கறுப்பு வெள்ளைப் போட்டோக்களும்தான். டார்லிங்டனில் ஓர் அறக்கட்டளை புதிதாகக் கட்டிவரும் ஏழாவது பி2, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், மாடல் கம்பெனிகளுக்கும் ஒரு புது வேடத்தைக் கொடுத்தது.

இந்த வகைக் கணக்கை நம் ஊர் எஞ்சினுக்குப் போட்டுப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் தொழிற்சாலையில் பிறந்தது, பிற்பாடு பொன்மலையிலும் கட்டினார்கள். மீட்டர் கேஜ் என்பதால் ஹெச்ஓ அளவில் 11.5 மில்லிமீட்டர், சுவிஸ் மலை ரயில் மாடல்களுக்காக விற்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிட்டத்தட்டப் பொருந்தும். பிரிட்டிஷ்காரர்களுக்கு இல்லாத அதிர்ஷ்டம். எட்டுச் சக்கரமும் சின்னவை, உடம்பும் குட்டை. வளைவு பெரிய தொல்லை இல்லை.

தொல்லை வேறு இடத்தில். பக்கவாட்டில் இரண்டு உருளைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். கீழ் உருளை தண்டவாளச் சக்கரங்களை ஓட்டும். மேல் உருளை, நடுவில் பதித்த பல் தண்டவாளத்தைக் கடித்து ஏறும் பல்சக்கரத்தை ஓட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை மேல் தண்டுகள் சும்மா நிற்கும். கல்லாறு தாண்டிப் பல் தண்டவாளம் தொடங்கியதும் அவையும் ஆடத் தொடங்கும், அதுவும் கீழ்த் தண்டுகளுக்கு எதிர்த்திசையில். கல்லாறில் இறங்கி நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், எஞ்சின் திடீரென்று இன்னொரு ஜோடிக் கை முளைத்து வேலை செய்வதுபோல இருக்கும். இதைக் கைவிரல் நீளத்தைவிடச் சற்றுப் பெரிய ஒரு பொம்மைக்குள் எப்படி வைப்பது? ஒரே மோட்டாரில் இரண்டையும் சேர்த்துவிட்டால் சமதளத்திலும் மேல் கை ஆடும், பார்த்துப் பழகியவன் சிரிப்பான். பல்சக்கரத்தை மோட்டாரோடு இணைக்காமல், பல் தண்டவாளத்தில் பட்டால் தானாகச் சுழலும்படி விட்டுவிடலாம். மேல் தண்டுகள் அதோடு ஆடும், சமதளத்தில் நிற்கும். அசல் மாதிரியே! ஆனால் அப்போது 12-க்கு ஒன்று ஏற்றத்தில் எஞ்சினை மேலே தள்ளுவது வெறும் சக்கரப் பிடிப்பு மட்டும்தான். எடை போதுமா? கொதிகலனை உலோகத்தில் வார்த்தால் ஒருவேளை இரண்டு நீலப் பெட்டியைத் தள்ளலாம். இது யாராவது செய்ய முன்வந்தால் நான் படத்தில் பார்க்கப்போகும் முதல் இடம் அந்த மேல் தண்டுதான்.

கடைசியாக, எஞ்சினுக்கும் டெண்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளி. ஆரம்பத்தில் மூன்று இடம் என்று சொன்னேன், இது பாக்கி. அசலில் அங்கே ஒரு இரும்புத் தகடு மூடியிருக்கும், நெருப்பள்ளுகிறவர் நிற்கும் இடம். மாடலில் அவ்வளவு நெருக்கமாக வைத்தால் 438 வளைவில் கேபின் கூரை டெண்டரில் இடிக்கும். அதனால் இணைக்கும் சின்னத் தகட்டில் இரண்டு ஓட்டை வைத்திருப்பார்கள். ஒன்று நெருக்கத்துக்கு, ஒன்று வளைவுக்கு. கம்பெனியின் படத்தில் எப்போதும் நெருக்க ஓட்டைதான். என் எஞ்சினிலும் ஆசைப்பட்டு அதில்தான் மாட்டினேன். நேர்ப்பாதையில் அப்படியே டான்காஸ்டரிலிருந்து இறங்கி வந்ததுபோல இருந்தது. பலகையின் ஓரத்து வளைவுக்கு வந்ததும் டெண்டரின் முன்சக்கரம் மெல்ல எழும்பி, டக்கென்று வெளியே இறங்கியது. மூன்று முறை வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். மூன்று முறையும் அதே இடம். பிறகு எஞ்சினைக் கவிழ்த்து, மூக்குக் கண்ணாடித் திருகைக் கழற்றும் ஸ்க்ரூடிரைவரால் தகட்டை அடுத்த ஓட்டைக்கு மாற்றினேன்.